பதினோரு நிமிடக் கிரகணம்

1993 ஜூன் மாதம். செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி அலுவலக ஜன்னலில் விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்த எழுத்தர், ஒரு தாளை மட்டும் தனியே உருவி வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

"யாரும்மா வச்சலா? அப்பா பேரு ஜம்புலிங்கம்?"

எனக்கு முன்னால் நின்றவள் கையைத் தூக்கினாள்.

"விரும்பும் பாடம்னு கேட்டா இயற்பியல், வேதியியல்னு ஏதாவது எழுதணும். நீ வானியல்னு எழுதிக்கீற. இது இன்னா ராக்கெட் வுடற எடமா?"

"எந்தப் பாடத்துல பட்டம் வேணும்னுதான சார் கேட்டுக்கீது? எனக்கு அதுலதான் வேணும்."

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவுமில்லை, குறுகிப்போகவுமில்லை. வானியலுக்கென்று இளங்கலைப் பட்டம் எங்கள் கல்லூரியில் மட்டுமல்ல, நாங்கள் விசாரித்தவரை பக்கத்தில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஆனால் பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி வாசல் வரை சோதிடப் பலகைகள் பதினான்கு இருந்தன. அன்று நான் எண்ணினேன். வானத்தைப் படிக்க வழியில்லாத ஊரில் வானத்தைக் காட்டிப் பிழைக்கப் பதினான்கு பேருக்கு வழி இருந்தது.

எழுத்தர் 'வானியல்' என்பதை அடித்துவிட்டு 'இயற்பியல்' என்று எழுதினார். "மூணாவது வருஷம் வானியற்பியல்னு ஒரு விருப்பப்பாடம் கீது. பத்துப் பேரு சேந்தா நடத்துவாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

அவள் பொறுத்துக்கொண்டாள்.

வச்சலாவின் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே வெள்ளிமேட்டுக்குப்பம். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா தனகோடி கூடையோடு திருக்கழுக்குன்றம் வரை போய் மீன் விற்பவர். அந்தக் குப்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய முதல் பெண் இவள்தான். பள்ளியில் படிக்கும்போதே கரையில் சவுக்குக் குச்சிகளை நட்டு, ஒவ்வொரு நாளும் அலை எதுவரை ஏறுகிறது என்று குறித்து வைத்தவள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறுகிறது, அட்டமி பக்கம் இறங்குகிறது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அந்த ஏன்தான் இவளைக் கல்லூரிக்குத் துரத்தியது.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் பத்துப் பேரைத் திரட்டும் வேலையில் இறங்கினாள். பாடம் கடினம், மதிப்பெண் வராது என்று பிள்ளைகள் ஒதுங்கினார்கள். இவள் யாரையும் விடவில்லை. ஒருவனுக்கு ஆய்வகப் பதிவேடு எழுதிக் கொடுத்தாள். இன்னொருத்திக்குச் சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்தாள். ஐயர் வீட்டுப் பெண்ணான என்னிடம் அந்த லஞ்சம் செல்லாது என்று தெரிந்ததும், "மது, நீ சேரலன்னா உன்கூட பஸ்ல உக்காரமாட்டேன்" என்றாள். பத்தாவது பெயர் என்னுடையது.

எங்களுக்குப் பாடம் எடுத்த கோதண்டராமன் சார், முதுகலையில் வானியற்பியல் சொல்லித்தரும் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றி அவளிடம் சொன்னார். அன்று முதல் அவளுக்கு வேறு பேச்சில்லை. வீட்டில் கேட்டாள். ஜம்புலிங்கம் வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்.

"ஆஸ்டல்ல போயி தங்கணும்னா நான் மட்டும் சொன்னாப் போதாது. பஞ்சாயத்துல கேக்கணும். அவனுங்க இன்னா கேப்பானுங்க தெரியுமா? இந்தப் படிப்பால ஊருக்கு இன்னா பிரயோஜனம்னு கேப்பானுங்க. அத்த மொதல்ல சொல்லு."

அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அந்த அக்டோபரிலேயே வந்தது. 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள் காலை, சூரிய கிரகணம். வடக்கே முழுமையாகத் தெரியும். எங்கள் பக்கம் பாதிக்கு மேல் மறையும். குப்பத்தில் இரண்டு பஞ்சாங்கங்கள் இருந்தன. இரண்டும் இரண்டு நேரம் சொல்லின. எப்போது கதவைச் சாத்துவது, எப்போது குளிப்பது, எப்போது உலை வைப்பது என்று வலைக்கூடத்தில் சண்டை. மைக்கில் ஊர் அறிவிப்புச் சொல்லும் லோகு, வச்சலாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், வாய்க்கொழுப்பு உள்ளவன். அவன்தான் சண்டையை முடித்தான்.

"ஏன் பேஜார் பண்ணிகினு கீறீங்க? நம்ம வூட்டுப் பொண்ணே நட்சத்திரம் படிச்சிகினு கீது. பஸ்ஸுக்கு டப்பு குடுத்து அனுப்பறமே, ஒருவாட்டியாவது வேல வாங்க வேணாமா?"

அவளிடம் கேட்டார்கள். அவள் துள்ளிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். நில அளவை வரைபடத்திலிருந்து குப்பத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தாள். சாரிடம் வானியல் அட்டவணைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒன்பது நாள் கணக்குப் போட்டாள். ஒரு முழு நோட்டு தீர்ந்தது. அதையே தன் விருப்பப்பாட ஆய்வாகவும் வைத்துக்கொண்டாள்: கணக்கிட்ட நேரமும் கண்ணால் கண்ட நேரமும் எவ்வளவு பொருந்துகின்றன?

சார் நோட்டை முழுக்கச் சரிபார்த்துவிட்டு ஒன்று கேட்டார். "நேரம் எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரியுமில்லையா உனக்கு?"

"தெரியும் சார். இன்னிக்கு என் நேரத்த நம்பட்டும். நேரம் சரியா இருந்தா, நாளைக்குக் காரணத்தயும் நம்புவாங்க."

நாங்கள் பத்துப் பேரும் அவள் சொன்னது சரியென்றுதான் நினைத்தோம். அறிவுக்கு ஊர் கதவு திறக்கிறது என்று நான் அன்று கைதட்டினேன். இன்றும் அந்தக் கைதட்டல் என் காதில் கேட்கிறது.

வலைக்கூடத்துப் பலகையில் அவளே சாக்பீஸால் எழுதினாள். தொடக்கம் 7.31. உச்சம் 8.48. முடிவு 10.16. கீழே, 'இது நம் குப்பத்துக்கான நேரம். பஞ்சாங்கங்களில் உள்ளது வேறு ஊர்களின் நேரம்.' ஊரே வந்து பார்த்தது. ஜம்புலிங்கம் தீபாவளிச் சட்டையோடு பலகைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றாராம், தானே எழுதியதுபோல.

அப்போது அவளுடைய அக்கா பவானி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். கர்ப்பிணி மேல் கிரகண நிழல் படக்கூடாது, பட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும், அசைந்தால் கை கால் கோணும், தண்ணீர் குடித்தால் விஷம். ஆகவே பின்கட்டு அறையில் பாயில் நேராகப் படுக்க வைத்து, ஜன்னலைக் கோணியால் அடைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள். இதைச் சொல்லி வைத்தவர்கள் யாரும் எட்டு மாதத்தில் இருட்டறையில் நாக்கு வறண்டு கிடந்தவர்கள் அல்ல.

"தண்ணியாவது உள்ள வெச்சுடு" என்று வச்சலா அம்மாவிடம் கேட்டாள்.

"கணக்குப் போடற வேல உன்னுது. புள்ள பெத்த வேல என்னுது. போவியா" என்றார் தனகோடி.

பவானியே சிரித்தாள். "வுடுடி. மூணு மணி நேரம் கூட இல்லன்னு நீதான சொன்ன? தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிடும். நீ போயி உன் சூரியனப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். மணலில் வெள்ளை வேட்டியை விரித்து, ஊசித் துளை போட்ட அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையில் ஒரு ஈ, காக்கை இல்லை. ஏழு முப்பத்தொன்றுக்கு வேட்டிமேல் விழுந்த வட்டத்தின் ஓரத்தில் சின்னக் கடி ஒன்று தெரிந்தது. இருபது வயதில் அவள் அடைந்த மிகப் பெரிய மகிழ்ச்சி அது என்று பிறகு என்னிடம் சொன்னாள். வெயில் மங்கிற்று. காற்று குளிர்ந்தது. உச்சத்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டாள்.

எட்டு ஐம்பத்தொன்றுக்கு வீட்டுப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

ஓடினாள். அறை உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே தனகோடியும் பக்கத்து வீட்டுக்காரி வேண்டாவும் இருந்தார்கள். வாசலில் ஜம்புலிங்கம்.

"அம்மா, இன்னா ஆச்சு? தொற!"

உள்ளிருந்து வேண்டாதான் பேசினாள். "ரத்தம் போவுது. பயப்படாத, துணி குடுத்துக்கீறோம். கொஞ்ச நேரம் தாங்கிடுவா."

"எட்டு மாசத்துல ரத்தம் போனா தாங்கறதாவது? ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். தொற!"

"இப்பத் தொறந்தா புள்ளைக்கு ஆவாதுடி!" இது தனகோடியின் குரல். அழுகையோடு வந்தது. "பத்தே காலுக்கு வுட்டுடும்னு நீதான எழுதிப் போட்ட? ஒண்ணேகா மணி நேரந்தான?"

அவள் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தக் கதவிடம் சொன்னாள். சந்திரன் குறுக்கே வருகிறது, அவ்வளவுதான். அது நிழல். பனைமரம் தினம் உன்மேல் நிழல் போடவில்லையா, விஷமா ஏறியது? நான் ஒரு மணி நேரமாக அந்த நிழலில்தான் நிற்கிறேன், எனக்கு இன்னா ஆச்சு? கத்திச் சொன்னாள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். கதவு திறக்கவில்லை. உடைக்கப் போனவளை அப்பா இழுத்து நிறுத்தினார்.

சாலைக்கு ஓடினாள். கல்பாக்கம் சாலையில் வண்டி எதுவும் ஓடவில்லை. மாமல்லபுரத்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு வேன் ஓட்டும் ஏசுதாஸ் மட்டும் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயம் கேட்டதும் வாளியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஒன்பதரைக்கு வேன் வாசலில் நின்றது. அவர் இன்ஜினை நிறுத்தவே இல்லை.

"பொண்ணு சாவக் கெடக்குது, நேரம் பாத்துகினு நிக்கிறீங்களே, மனுசங்களாய்யா நீங்க?"

"உனக்கு இன்னா அண்ணாத்த, நீ சர்ச்சுக்குப் போறவன், உனக்கு ஒண்ணும் ஆவாது" என்றான் லோகு. அவன் கேலியாகச் சொல்லவில்லை. கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

பத்து பதினாறுக்குக் கதவு திறந்தது. அரை நிமிடம் முன்னால் இல்லை, அரை நிமிடம் பின்னால் இல்லை.

செங்கல்பட்டுக்கு வருவதற்குள் பவானி பேச்சை நிறுத்திவிட்டாள். மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவர், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"எட்டு ஐம்பத்தொன்று" என்றாள் வச்சலா.

அவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை போலும். மருத்துவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குத் தாயும் வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

அதே காலையில் செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். என் அண்ணிக்கு ஏழாம் மாதம். ஆனால் எங்கள் சாஸ்திரத்தில் தர்ப்பை போட்ட தண்ணீருக்கு விலக்கு உண்டு. மூன்று தெரு தள்ளி மருத்துவர் வீடு, வாசலில் கார். ஏதாவது ஆகியிருந்தால் அப்பாவே சாஸ்திரத்துக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பார். அதே மூடத்தனம்தான். எங்களுக்கு அது ஒரு காலைப்பொழுது பட்டினி, அவர்களுக்கு இரண்டு உயிர். படித்தவன் பயந்து பயந்து காப்பாற்றி வைக்கும் பொய்க்குக் கடைசியில் விலை கொடுப்பவர்கள் மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள்தாம்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். பந்தலில் பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வச்சலாவின் கணக்கு ஒரு நிமிடம் கூடத் தப்பவில்லை, வாசலில் நின்று லோகு பார்த்தானாம், எழுதிய நேரத்துக்கு வெயில் பளிச்சென்று வந்ததாம். பவானியின் சாவை யாரும் அந்தப் பூட்டிய கதவோடு சேர்த்துப் பேசவில்லை. அவள் தலையெழுத்து அது. கணக்கு வேறு, தலையெழுத்து வேறு.

ஜம்புலிங்கம் மகளைக் கூப்பிட்டார். மொட்டையடித்த தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"பஞ்சாயத்துல சொல்லிட்டாங்கம்மா. நீ ஆஸ்டல்ல தங்கிப் படிக்கலாமாம். ஊருக்கு இப்பிடி ஒரு ஆளு வேணுமாம்."

அவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நைனா, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு நான் ஓடியாந்து, நிழலு, சந்திரன்னு கத்தாம, 'கணக்குத் தப்பாப் போட்டுட்டேன், கெரகணம் இப்பவே வுட்டுடுச்சு'ன்னு சொல்லியிருந்தா தொறந்திருப்பீங்களா?"

அவர் மகளைப் பார்த்தார். பதில் சொல்வதன் பொருள் என்ன என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"தொறந்திருப்போம்மா. நீ சொன்னா தொறக்காம இன்னா?"

அவள் எழுந்து கடல் பக்கம் போய்விட்டாள். அவர்கள் அவளுடைய உண்மையை நம்பவில்லை. அவளுடைய எண்ணை நம்பினார்கள். அந்த எண்ணை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று கதவைத் தட்டிய அந்த எண்பது நிமிடத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்பது நாள் பாடுபட்டுப் பெற்ற சரியான விடை அது. அதைப் பொய்யாக்கலாம் என்று எந்த மாணவிக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றியிருக்காது. உண்மை உண்மை என்று மேடையில் கத்துகிறவர்களுக்கும் தோன்றியிருக்காது.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டினார். கணக்கிட்ட நேரம், கண்ட நேரம் என்று இரண்டு பத்தி. மூன்றாவது வரியில், முடிவு நேரத்துக்கு எதிரே, 'பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது. கோதண்டராமன் சார் தலை குனிந்துகொண்டார்.

"மத்த ரெண்டும் இவ்வளவு துல்லியமா இருக்கே. கடைசில எங்கம்மா போன?" என்று தேர்வாளர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வீட்டுல வேலை இருந்தது சார்" என்றாள்.

விருப்பப்பாடத்தில் அவள்தான் முதல் மதிப்பெண். பல்கலைக்கழக விண்ணப்பத்தைச் சார் வாங்கிவந்து கையில் கொடுத்தார். அவள் நிரப்பவில்லை. அப்பா சம்மதித்தார், ஊர் சம்மதித்தது. இந்த நாட்டில் ஒரு மீனவப் பெண்ணுக்குக் கிடைக்காத அந்த இரண்டும் கிடைத்த பிறகும் அவள் போகவில்லை. நான் போய்ச் சண்டை போட்டேன். "பவானி உன்னாலயா செத்தா? மூடத்தனத்தால செத்தா. அதை எதிர்த்து நிக்க நீ படிக்க வேண்டாமா?" என்று கத்தினேன்.

"நீ சொல்றது சரிதான் மது" என்றாள். "ஆனா அட்டவணப் புத்தகத்தத் தொறந்தா பத்து பதினாறுதான் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அளவு சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கேயே வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு குப்பத்திலேயே வீடு கட்டிக்கொண்டாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். வானத்தைப் பற்றி என்னிடம்கூடப் பேசுவதில்லை.

1999 ஆகஸ்டில் மறுபடி கிரகணம். மாலையில் தொடங்கும், சூரியன் மறைந்த பிறகுதான் விடும். லோகு அவள் வீட்டுக்குப் போனான். அவளாகவே சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வலைக்கூடத்துக்கு நடந்தாள் என்று சொன்னார்கள். பலகையில் எழுதினாள்: தொடக்கம் 5.20. முடிவு 5.31.

"இன்னாம்மா, பதினோரு நிமிசந்தானா? டிவில ஒண்ணரை மணி நேரம்னு சொல்லிகினு கீறானே?" என்றான் லோகு.

"அவன் சொல்றது மெட்ராஸுக்கு. நம்ம குப்பத்துக்கு இவ்ளோதான்."

போன தடவை பஞ்சாங்கத்தையே தோற்கடித்தவள். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவளுக்கு ஒரு பயம் இருந்தது. ஐந்தரைக்குப் பிறகு யாராவது மேற்கே நிமிர்ந்து பார்த்தால், கடிபட்ட சூரியன் அங்கேயே இருக்கும். ஆகவே கீழே இன்னொரு வரி சேர்த்தாள். 'கிரகணம் விட்டபின் விளக்கு வைக்கும்வரை யாரும் மேற்கே பார்க்கக் கூடாது. கர்ப்பிணிகள் வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.'

பெயர் சொல்லி மூடத்தனத்தைச் சாடும் நான், என் தோழி தன் கையால் ஒரு மூடத்தனத்தை உண்டாக்கி ஊருக்குக் கொடுத்ததை எழுதுகிறேன். எங்கள் கல்லூரியின் சிறந்த வானியல் மாணவி, பட்டம் பெற்ற பிறகு வானியலைக் கொண்டு செய்த ஒரே காரியம் அது. அந்த ஆண்டு குப்பத்தில் இரண்டு பெண்கள் கர்ப்பமாக இருந்தார்கள். ஐந்து முப்பத்தொன்றுக்கு வெளியே வந்து, மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். வச்சலா மட்டும் ஊருக்கு மேற்கே இருந்த கால்வாயின் கரையில் தனியாக நின்று, அரைகுறைச் சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2009 ஜூலையில் விடியற்காலையில் ஒரு கிரகணம் வந்தது. மறு வாரம் நான் அங்கே போனேன். பலகையில் எழுத்து அழியாமல் இருந்தது. அதே பதினோரு நிமிடம். மேற்கு என்ற இடத்தில் கிழக்கு. விளக்கு வைக்கும்வரை என்ற இடத்தில் வெயில் ஏறும்வரை. வச்சலா வேலைக்குப் போயிருந்தாள். வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியிடம், கிரகணம் விட்டதும் ஏன் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கேட்டேன்.

"தெரியலக்கா. எங்க மாமியாரு காலத்துலருந்தே அப்பிடித்தான்" என்றாள்.